ஏரிப் பக்கம் நடந்தவன்

ஹானியா பாசியுக் பயந்த சுபாவக்காரி என்பது கனடாவின் ஹாமில்டன் ஊரின் வடக்குமுனையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இடி இடித்தால் அடுப்பை அணைத்துவிடுவாள். தந்திக்காரன் தெருவுக்குள் திரும்பினால், அவன் எந்த வீட்டுக் கதவைத் தட்டுகிறான் என்று தெரியும்வரை ஜன்னல் திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சேர்ந்து சிரித்துவிடுவாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய அப்பா உக்ரேனிலிருந்து வந்து இறங்கியதும் எஃகு ஆலையில் ஊது உலையருகே வேலைக்குச் சேர்ந்தவர். ஹானியா பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு மத்தியானம், ஷிஃப்ட் முடியாத நேரத்தில் ஆலைச் சங்கு ஊதியது. தெருவே வாசலுக்கு வந்து நின்றது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. எல்லோரும் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு முனையில் திரும்பி வந்த மேஸ்திரி நேராக அவர்கள் வீட்டுப் படியில்தான் கால் வைத்தார். அப்பா பிழைத்துக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கையால் ஒரு ஸ்பூனைக்கூடப் பிடிக்க முடியவில்லை.

ஹானியா வளர்ந்து காலுறை ஆலையில் சேர்ந்தாள். நெய்து வரும் காலுறைக்குள் கையை விட்டு வெளிச்சத்தில் பிடித்து, இழை எங்காவது அறுந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. மாதாகோயில் மண்டபத்தில் நடந்த ஒரு கல்யாண விருந்தில்தான் ஓரெஸ்ட்டைப் பார்த்தாள். கழுத்தென்று தனியாக ஒன்று இல்லாத ஆள். தோளிலிருந்து நேராகத் தலை. அத்தனை பெரிய உடம்பை வைத்துக்கொண்டு, நடனமாடக் கூப்பிட வந்தவன் வார்த்தை வராமல் அவள் முன்னால் வியர்த்து நின்றான். இவனும் என்னைப் போல பயந்தவன்தான் என்று நினைத்து அவனுக்குச் சம்மதம் சொன்னாள் ஹானியா. கல்யாணமான பிறகுதான் தெரிந்தது, பெண்களைத் தவிர வேறு எதற்கும் அவன் பயந்ததில்லை என்று.

ஓரெஸ்ட் குளிர்காலத்தில் எஃகு ஆலையிலும், மற்ற மாதங்களில் ஊரின் கால்பந்து அணியிலும் இருந்தான். கால்பந்து என்று பெயர்தானே தவிர, அந்த விளையாட்டில் காலைவிடத் தோளுக்கும் தலைக்கும்தான் வேலை அதிகம். பந்தை வைத்திருப்பவனை எதிராளி நெருங்கவிடாமல் முட்டித் தள்ளுகிற வரிசையில் ஓரெஸ்ட் நின்றான். பந்து அவன் கைக்கு வந்ததே கிடையாது. விசில் ஊதினால் முட்ட வேண்டும், எழுந்து வந்து மறுபடி குனிந்து நிற்க வேண்டும், மறுபடி முட்ட வேண்டும். ஆட்டம் பார்க்கப் போனால் ஹானியா பாதி நேரம் கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். காலுறை ஆலையில் அடுத்த மேஜையில் வேலை பார்க்கும் வெர்னா டட்டில், இங்கேயும் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுக்கு வாயாலேயே ஆட்டத்தைக் காட்டுவாள். வெர்னாவின் கணவன் கோர்டும் அதே வரிசைக்காரன்.

"கண்ணத் தொறடி. எந்திரிச்சுட்டான் உன் எருமமாடு."

"நெஜமாவா?"

"நடந்து வரான் பாரு. மண்டையில மண்ணு இருந்தா எப்படிடி வலிக்கும்?"

நாடு முழுவதுக்குமான கிரே கோப்பையின் இறுதி ஆட்டத்துக்கு முந்தைய ஆட்டத்தில்தான் அது நடந்தது. அன்று ஹானியா கண்ணைத் திறந்திருந்த நேரம். எதிர்வரிசையிலிருந்து ஒருவன் பாய்ந்து வந்தான். இரண்டு ஹெல்மெட்டும் மோதின சத்தம் கேலரி வரை கேட்டது. ஓரெஸ்ட்டின் ஹெல்மெட் கழன்று உருண்டது. அவன் முழங்காலில் எழுந்து, புல்லில் எதையோ தொலைத்தவன் போலத் தடவிக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து நின்று பெஞ்ச் பக்கம் கையைக் காட்டினான். கூட்டம் கைதட்டியது. அவன் தொடர்ந்து ஆடினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் காரில் அவன் கேட்டான், "யாரு ஜெயிச்சா?"

"விளையாடாத ஓரெஸ்ட்."

அவன் விளையாடவில்லை.

மறுநாள் காபியில் உப்பைப் போட்டுக் குடித்தான். முகம் சுளிக்கக்கூட இல்லை. அடுத்த நாள் ஒரு கால் பூட்ஸைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் பால் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். ஜன்னல் வெளிச்சம் பட்டால் கண்ணை இறுக்கிக்கொண்டான். ஒருமுறை அவளைத் தன் தங்கை பெயர் சொல்லிக் கூப்பிட்டான், கூப்பிட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்து, தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்து, என்ன தப்பு என்று தெரியாமல் விழித்தான். ஹானியா அவன் கோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டர்கிட்டப் போலாம். நம்ம டீம் டாக்டர் நல்ல மனுஷன்தானே."

"சொன்னா உட்கார வெச்சுடுவாரு. அதுக்கப்புறம் ஆயுசு முழுக்க உட்கார்ந்தே இருக்க வேண்டியதுதான். கோப்பை ஆட்டம் ஹானியா! வருஷா வருஷம் ஆலையில ஒவ்வொருத்தனும் என் முதுகத் தட்டி, இந்த வாட்டியாவது கொண்டு வாடான்னு சொல்றான். ஒரே ஒரு ஆட்டம். அது முடிஞ்சதும் நீ சொல்ற டாக்டர்கிட்ட எல்லாம் வரேன். அதுவரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு சொல்லு."

சாமி படத்தின் முன்னால் அவளை நிறுத்திச் சத்தியம் வாங்கிக்கொண்டான். அவள் செய்தாள்.

இறுதி ஆட்டம் டொரான்டோவில், ஏரிக்கரையோரக் கண்காட்சித் திடலுக்குள் இருந்த மைதானத்தில். டிசம்பர் முதல் சனிக்கிழமை. காலையில் வெயில் அடித்தது. குளிருக்குக் கொண்டுபோன கம்பளியை வெர்னா மடியில் சுருட்டி வைத்திருந்தாள். எதிரணி விண்ணிப்பெக்கிலிருந்து வந்திருந்தது. அவர்களுடைய ரசிகர்கள் மாடு மேய்ப்பவர்கள் போலத் தொப்பி போட்டுக்கொண்டு மணியடித்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரர்களின் மனைவிமாருக்குப் பெஞ்சுக்குப் பின்னால், கீழ் வரிசையில் இடம்.

இரண்டாவது கால்பகுதியில் ஏரிப் பக்கமிருந்து மூடுபனி உள்ளே வந்தது. முதலில் ஸ்கோர் பலகையின் அடிப்பாகம் மறைந்தது. பிறகு எதிர்க் கேலரி மறைந்தது. அங்கே ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது அவர்களுடைய இரைச்சல் மட்டும் இருந்தது. உதைத்த பந்து மேலே வெள்ளைக்குள் போய்க் காணாமல் போகும்; அதைப் பிடிக்க வேண்டியவன் கையை விரித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிப் பார்த்து நிற்பான்.

பின்வரிசையிலிருந்து ஒருவன் கத்தினான், "ஏய், பந்த எவனாவது பாத்தீங்களா?"

"உன் பொண்டாட்டி கோட்டுக்குள்ள பாருடா!"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். வெர்னா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அடியே ஹானியா, இன்னைக்கு உனக்குக் கண்ண மூடற வேலையே இல்லடி. சாமியே மூடி விட்டுட்டாரு."

ஹானியாவால் சிரிக்க முடியவில்லை. அவள் இன்று கண்ணை மூடவே இல்லை. திடலில் தெரிந்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழே ஓடும் கால்கள்தான். ஒவ்வொரு விசிலுக்குப் பிறகும் அந்தக் கால்களுக்குள் ஓரெஸ்ட்டின் கால்களைத் தேடினாள். இடதுகாலைச் சற்று இழுத்து வைப்பான், அதுதான் அடையாளம். கண்டுபிடித்ததும் மூச்சு வரும். அடுத்த விசிலில் மறுபடி போய்விடும்.

கடைசிக் கால்பகுதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில், ஒரு மோதலுக்குப் பிறகு, அவள் அந்தக் கால்களைப் பார்த்தாள். ஓடவில்லை, நடந்தன. பெஞ்சை நோக்கி வரவில்லை. குறுக்காக, ஸ்கோர் பலகை இருந்த பக்கமாக, வேலைக்குப் போகிறவன் போல ஒரே சீராக நடந்துபோய் வெள்ளைக்குள் கரைந்தன.

"வெர்னா, அவன் எங்க போறான்?"

"யாரு?"

"ஓரெஸ்ட். அந்தப் பக்கமாப் போனான்."

"அங்க கூட்டமா நிக்கறாங்கல்ல, அங்கதான் இருப்பான். எனக்கு என் புருஷனே தெரியல, உனக்கு எப்படிடி உன் புருஷன் தெரியறான்? பேசாம இந்த டீயக் குடி."

ஹானியா பிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். எழுந்துபோய்க் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்ற யாரிடமாவது சொல்லலாம். என்ன சொல்வது? காணோம் என்றா? இந்தப் பனியில் மைதானத்தில் இருக்கும் எல்லோருமே காணோம்தான். பயந்தாங்கொள்ளி ஹானியா மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்று சிரிப்பார்கள். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள். டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது.

சற்று நேரத்தில் ஒலிபெருக்கி கரகரத்தது. ஆட்டத்தை நிறுத்துகிறார்கள், மீதி நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்படி ஒன்றை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கூட்டம் கூச்சல் போட்டது, சிரித்தது, படிகளில் தடவித் தடவி இறங்கியது. ஹானியா எல்லோருக்கும் முன்னால் இறங்கி, உடை மாற்றும் அறையின் வெளிக்கதவில் போய் நின்றாள்.

ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். தலை ஈரம் காயாமல் கோர்ட் டட்டில் வந்தான்.

"கோர்ட், ஓரெஸ்ட் எங்கே?"

"இன்னும் வரலையா? எனக்கு முன்னாடியே வந்திருப்பானே. கடைசியா அவன் வெளியதானே இருந்தான்."

"வெளியன்னா?"

"அவனுக்குப் பதிலா அந்தப் புதுப் பையன் எறங்கினானே." கோர்டின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகப் போனது. "இரு. பாத்துட்டு வரேன்."

அவன் உள்ளே போனான். திரும்பி வரும்போது கூட உதவிப் பயிற்சியாளர் ஒருவரும் இருந்தார். ஓரெஸ்ட்டின் சட்டையும் கோட்டும் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தன. பதிலுக்கு இறங்கிய பையன் ஓரெஸ்ட் பெஞ்சுக்குப் போய்விட்டான் என்று நினைத்திருக்கிறான். பெஞ்சில் இருந்தவர்கள் அவன் உள்ளே ஆடிக்கொண்டிருக்கிறான் என்று நினைத்திருக்கிறார்கள்.

"கழிவறையில இருப்பான்மா. கேலரிக்கு அடியில எங்கயாவது நிப்பான். இந்தப் பனியில வழி தவறாம என்ன பண்ணும்? நீங்க இங்கயே நில்லுங்க."

அவர்கள் கேலரிக்கு அடியில் அவன் பெயரைக் கத்திக்கொண்டு போனார்கள். ஹானியா அங்கேயே நிற்கவில்லை. அவன் போன திசை அவளுக்குத் தெரியும். ஸ்கோர் பலகைக்குப் பக்கத்தில், வாத்தியக்காரர்களின் லாரிகள் வந்துபோகும் கதவு இருந்தது. அது விரியத் திறந்து கிடந்தது.

அதற்கு வெளியே கண்காட்சித் திடல். கோடையில் ராட்டினமும் மிட்டாய்க் கடையுமாக நெரியும் இடம், இப்போது பலகை அடித்துச் சாத்திக் கிடந்தது. வெளிச்சம் வேகமாகப் போய்க்கொண்டிருந்தது. ராட்டினத்தின் கம்பிகள் தலைக்கு மேலே திடீரென்று முளைத்து, இரண்டு எட்டு வைத்ததும் இல்லாமல் போயின. அவள் கையை முன்னால் நீட்டிக்கொண்டு நடந்தாள்.   பின்னால் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்தின் சத்தம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அவளுடைய மூச்சுச் சத்தம் வேறு யாரோ பக்கத்தில் நடந்து வருவது போலக் கேட்டது.

அப்போது ஏரியிலிருந்து சங்கு ஊதியது. மூடுபனியில் படகுகளை எச்சரிக்க ஊதுவது. நீளமாக, அடித்தொண்டையில். ஹானியா நின்றுவிட்டாள். ஊரில் ஆலைச் சங்கும் இதே குரல்தான். ஒரு கணம் அவள் தன் வீட்டு வாசலில், தெருமுனையைப் பார்த்துக்கொண்டு, சிறுமியாக நின்றாள்.

சங்கு ஓய்ந்தது. அந்த அமைதியில் இன்னொரு சத்தம் கேட்டது. டக். டக். டக். குமிழ் பதித்த பூட்ஸ் கல்மேல் படுகிற சத்தம். ஒன்று அழுத்தமாக, அடுத்தது இழுத்தாற்போல.

அவள் ஓடினாள். சாலையைத் தாண்டினாள், ஏதோ ஒரு கார் ஒலியெழுப்பி அவளை ஒட்டிப் போனது. அதற்கப்பால் புல், புல்லுக்கப்பால் தண்ணீருக்குள் நீளும் கல்லணை. அதன்மேல் அவன் நின்றான். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது. அவனுக்கு முன்னால் கல் முடிந்து வெள்ளை தொடங்கியது. வெள்ளைக்குக் கீழே தண்ணீர் கல்லில் சளக் சளக்கென்று மோதிக்கொண்டிருந்தது. அந்த உடுப்போடும் கனத்த தோள்காப்போடும் டிசம்பர் ஏரியில் விழுந்தவன் இரண்டாவது முறை மேலே வர மாட்டான்.

கத்தினால் திரும்புவான். திரும்பினால் ஈரக்கல் வழுக்கும். குரல் நடுங்காமல் வந்தது. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே பிறகு புரிந்ததில்லை.

"யாரு அங்க?" என்றாள், ரொம்பச் சாதாரணமாக.

"சங்கு ஊதிட்டான். நேரமாச்சு. ஆலைக் கேட்டக் காணோம்." அவன் திரும்பவில்லை. ஒரு காலை முன்னால் நகர்த்திக் கல்லைத் துழாவினான்.

"கேட்டு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் சாத்திட்டாங்க."

"எப்பவும் இதானே வழி?"

"இன்னைக்கு மாத்திட்டாங்க. மெதுவா வாங்க, கல்லு ஈரம்."

அவன் திரும்பினான். முகத்தில் மண், மூக்கடியில் காய்ந்த ரத்தம். அவளைக் கூர்ந்து பார்த்தான். தன்னைப் பார்த்ததும் வெட்கப்படுகிற அந்தக் கண்களில் இப்போது ஒன்றுமே இல்லை.

"நீங்க யாரு?"

"பாசியுக்கோட சம்சாரம்."

"பாசியுக்கா? நல்ல பய." அவன் தலையை ஆட்டிக்கொண்டான். "அவனுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. உங்களக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. கையக் குடுங்க."

கையைக் கொடுத்தான். பனிக்கட்டி மாதிரி இருந்தது. கல்லணையை விட்டுப் புல்லில் கால் வைத்ததும் ஹானியா சறுக்கினாள். அவன்தான் அவளைத் தாங்கிப் பிடித்தான். மைதானத்தின் விளக்குகள் மங்கலாகத் தெரிகிற இடத்துக்கு வந்தபோது அவன் நின்று கேட்டான், "ஹானியா? ஏன் அழற?"

கதவருகே டார்ச் விளக்கோடு வந்தவர்களைப் பார்த்ததும் ஓரெஸ்ட் பல்லைக் காட்டினான். "ஒண்ணுக்குப் போனேன்பா. திரும்பி வந்தா மைதானத்தையே தூக்கிட்டுப் போயிட்டீங்க." எல்லோரும் சிரித்தார்கள், பயந்துபோயிருந்தவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டியிருந்தது. பனி எதையும் நம்ப வைத்தது. ஹானியா வாயைத் திறக்கவில்லை. சத்தியம் செய்திருந்தாள்.

ஞாயிறு காலை ஹோட்டல் அறை ஜன்னலில் வெயில் தெளிந்து விழுந்தது. ஓரெஸ்ட் கண்ணாடி முன் சீட்டியடித்துக்கொண்டு சவரம் செய்தான்.

"நல்ல வெயில். இன்னைக்கு ஆட்டத்துக்குப் பிரமாதமா இருக்கும்."

"மிச்ச ஆட்டந்தானே," என்றாள் ஹானியா.

"என்ன மிச்சம்?"

சவரக்கத்தி அவன் கன்னத்திலேயே நின்றது.  கதவுக்கு அடியில் தள்ளியிருந்த செய்தித்தாளை அவன் எடுத்தான். முதல் பக்கம் முழுக்க மூடுபனிப் படம். நின்றபடியே படித்தான். மறுபடி முதலிலிருந்து படித்தான், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை போல உதடு அசைய. பிறகு வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"கொஞ்ச நேர ஆட்டம். பத்து நிமிஷம் கூட இல்ல. ஒரே ஒரு புள்ளிதான் பின்னாடி இருக்கோம். வாயத் திறக்காத."

"இன்னொரு அடி பட்டா என்ன ஆவும்?"

"படாது."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"சத்தியம் பண்ணியிருக்க நீ. சாமி முன்னாடி."

அவன் குளிக்கப் போனதும், ஹானியா கோட்டைக்கூட மாட்டாமல் கீழே இறங்கினாள். படிக்கட்டில் இரண்டு முறை நின்றாள். சத்தியத்தை மீறினால் என்ன நடக்கும் என்று அம்மா சின்ன வயதில் சொல்லியிருந்ததெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது. சாப்பாட்டுக் கூடத்தில் அணி முழுவதும் முட்டையும் பன்றிக்கறியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கோச் லாங்டனும் டாக்டர் ப்ரூவிட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மேஜைக்கு முன்னால் போய் நின்றாள். 

"அவன ஆட விடாதீங்க."

"யார, மிஸஸ் பாசியுக்?"

"என் புருஷன. அவனுக்கு ஞாபகம் போயிடுச்சு. போன ஆட்டத்துல அடிபட்டதுலேர்ந்தே சரியில்ல. நேத்து வழி தவறல. ஏரிக்குள்ள நடக்கப் போனான்."

பக்கத்து மேஜைகளில் கத்தியும் முள்கரண்டியும் ஓய்ந்தன. கோச் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டார். "ஆட்டத்து அன்னைக்கு வீட்டுக்காரம்மாக்கள் பயப்படறது சகஜம்தான். உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்னு வெர்னா சொல்லுவாங்க..." டாக்டர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஆள் அனுப்பி ஓரெஸ்ட்டை வரச் சொன்னார்.

தலை துவட்டாமல் ஓரெஸ்ட் வந்தான். ஹானியா நிற்பதைப் பார்த்ததும் அவன் முகம் கல்லானது. டாக்டர் இன்று என்ன கிழமை என்று கேட்டார், சொன்னான். நேற்றைய புள்ளிக் கணக்கைக் கேட்டார், சொன்னான். யார் யார் புள்ளி எடுத்தார்கள், ஆட்டம் எப்போது நின்றது, எல்லாம் தடங்கலின்றிச் சொன்னான். கோர்ட் டட்டில் தூரத்திலிருந்து, "எங்களவிட நல்லாச் சொல்றானே டாக்டர்!" என்றான். கோச் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். டாக்டர் ஹானியாவை இரக்கத்தோடு பார்த்தார். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. இனி யாரும் நம்பப்போவதில்லை.

"எல்லாம் பேப்பர்ல இருக்கு," என்றாள். "பேப்பர்ல இல்லாத ஒண்ணக் கேளுங்க. நேத்து அவன எங்க கண்டுபிடிச்சேன்னு கேளுங்க."

டாக்டர் ஓரெஸ்ட் பக்கம் திரும்பினார். "சொல்லு."

  ஓரெஸ்ட் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தான், யாராவது சொல்லிக்கொடுக்க மாட்டார்களா என்பது போல. "கேலரிக்கு அடியில," என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. நேற்று கேலரிக்கு அடியெல்லாம் தேடிய உதவிப் பயிற்சியாளர் தலையைக் குனிந்துகொண்டார். ஓரெஸ்ட் அவரைப் பார்த்தான், பிறகு ஹானியாவைப் பார்த்தான். "இல்லையா? எங்க, ஹானியா? நான் எங்க இருந்தேன்?"

அவன் பயந்து ஹானியா அதுவரை பார்த்ததில்லை. அந்த முகத்தை அவளால் தாங்க முடியவில்லை.

மத்தியானம் மீதி ஆட்டம் நடந்தது. இரண்டு அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை; முந்தைய நாள் வித்தியாசத்திலேயே கோப்பை விண்ணிப்பெக்குக்குப் போனது. ஓரெஸ்ட் கோட்டும் தொப்பியுமாகப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு ஹானியா கறிக்கடைக்குப் போனால் பேச்சு நின்றது. கடைக்காரர் பொட்டலத்தைத் தள்ளிக்கொண்டே கேட்டார், "அடுத்த வருஷம் டீம்ல யாரெல்லாம் ஆடறாங்கன்னு நீங்களே சொல்லிடுங்களேன்மா, நாங்க டிக்கெட் வாங்கறதா வேண்டாமான்னு பாத்துக்கறோம்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்னா ஆலையில் அவளுக்கு அடுத்த மேஜையை விட்டு மாறிக்கொண்டாள். இதெல்லாம் ஹானியா எதிர்பார்த்ததுதான். வீட்டில் ஓரெஸ்ட் பேசுவதை நிறுத்தியதுதான் தாங்கவில்லை. சாப்பிட்டான், வேலைக்குப் போனான், வந்தான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். குளிர்காலம் பூராவும் அப்படித்தான்.

பிப்ரவரியில் ஒரு நாள், நல்ல வெளிச்சமான சாயங்காலம், ஷிஃப்ட் முடிந்து வெகு நேரமாகியும் அவன் வரவில்லை. ஆலைக்கும் வீட்டுக்கும் நடுவே நாலே தெரு. ஹானியா ஜன்னலை விட்டு நகரவில்லை. கடைசியில் கதவு திறந்தது. பனி ஒட்டிய பூட்ஸோடு சமையலறை நடுவில் வந்து நின்றான்.

"தெரு தெரியல ஹானியா," என்றான். மாதக்கணக்கில் அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை. "எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கு. ஒரு பாப்பாகிட்டக் கேட்டு வந்தேன்."

அவள் அவனை உட்கார வைத்துப் பூட்ஸைக் கழற்றினாள். அவன் அவளுடைய தலைமேல் கையை வைத்தான். இரண்டு பேரும் விளக்கைப் போடாமல் இருட்டும்வரை அப்படியே இருந்தார்கள்.

ஆலையில் அவனை உலைப் பக்கத்திலிருந்து ஸ்டோருக்கு மாற்றினார்கள். கோடைக்குள் ஞாபகம் பெரும்பாலும் திரும்பி வந்தது. அவன் மறுபடி ஆடவில்லை. இரண்டு பெண் பிள்ளைகள் பிறந்தார்கள். அவர்கள் சறுக்கப் போகும் உறைந்த குளத்தின் ஓரத்தில், பனி உடைந்தால் வீச, ஹானியா கயிறு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். வெர்னா எப்போதோ ஒருநாள் ஒன்றும் நடக்காதது போலக் காலுறை ஆலையின் பழைய மேஜைக்கே திரும்பி வந்தாள். 

அந்தச் சனிக்கிழமை மட்டும் ஓரெஸ்ட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் கோப்பை ஆட்டம் நெருங்கும்போது, மூடுபனி ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொல்லி ஜனங்கள் கேட்பார்கள். அவன் சொல்வான். மற்றவர்கள் சொன்னது, பேப்பரில் வந்தது, ஹானியா சொன்னது எல்லாவற்றையும் கோத்து, ராட்டினத்தையும் கல்லணையையும் கண்ணால் கண்டவன் போல அழகாகச் சொல்வான். "பாசியுக்கா? நல்ல பய" என்கிற இடம் வந்ததும் கூட்டம் மேஜையைத் தட்டிச் சிரிக்கும். சொல்லி முடித்ததும் அவள் பக்கம் திரும்பி, "சரிதானே ஹானியா?" என்பான்.

"சரிதான்," என்பாள். மற்றவர்கள் சிரிப்பதற்காகக் கேட்டார்கள். அவள் மட்டும் ஒவ்வொரு வார்த்தையாக, ஏதாவது விட்டுப்போகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

மூத்தவள் கல்யாணமாகிப் போன வருடம், மண்டபத்தில், மூடுபனிக் கதையைச் சொல்லிக்கொண்டே வந்த ஓரெஸ்ட் கல்லணைக்கு வந்ததும் நிறுத்தினான். கையிலிருந்த கிளாஸைப் பார்த்தான்.

"அப்புறம் யாரோ ஒருத்தி வந்தா," என்றான். "யாரு அது?"

நல்ல வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். ஹானியா எழுந்துபோய் அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, மேஜைக்கு அடியில் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.